ரீடிங் சாரும் குளத்தில் நீந்திய தலையும்

உலகத்தில் எதையும் ஒரே தடவையில் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் புதுப்பட்டினம் தெரு ரீடிங் சார்தான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ரீடிங் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏற்றுவார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பால் கெட்டதா என்று மூன்று முறை முகர்வார். பெண் பார்க்கவும் மூன்று முறை போனாராம். மூன்றாம் முறை பெண்ணே வாசலுக்கு வந்து, "இன்னிக்காவது முடிவைச் சொல்லுங்க" என்றாராம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்காரர்கள் சேர்ந்து குளத்தில் ஆகாயத்தாமரை எடுத்தோம். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டதால் நடுக்குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றது நான். மற்றவர்கள் கரையில் நின்று யோசனை சொன்னார்கள்.

திடீரென்று யோசனை நின்றது. மீன்காரர் கன்னியப்பன் மெதுவாகச் சொன்னார்: "திரும்பாத அண்ணாத்த. உன் பின்னால இன்னாவோ நீந்திகினு வருது. முதலை மாதிரி கீது."

கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை இருப்பதால், எங்கள் ஊர்த் தண்ணீரில் எது அசைந்தாலும் அது அங்கிருந்து தப்பியதுதான். என் கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. எல்லோரும் ரீடிங் சாரைப் பார்த்தார்கள். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"காது தெரியுது. முதலைக்கு இப்படிக் காது கிடையாது. இது ஒரு ரீடிங்."

அப்படியானால் காட்டுப்பன்றியா என்றார் கன்னியப்பன். பக்கத்து ஊரில் ஒருவரின் தொடையைக் கிழித்தது காட்டுப்பன்றிதான்.

தலை தண்ணீருக்குள் போய்விட்டது என்றார்கள். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னி இவ்வளவு நேரம் முங்காது. ரெண்டாவது."

"பேரைச் சொல்லு சார். மனுசன் பயத்துலயே பூடுவான்."

"இன்னொரு ரீடிங் வேணும்."

என் முழங்காலை வழவழப்பாக ஏதோ உரசியது. கத்தவும் எனக்குக் கூச்சம். "சார்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அவருக்குக் கேட்டது. இஸ்திரி போட்ட பேன்ட்டோடும் செருப்போடும் குளத்தில் இறங்கி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து என் முதுகுப் பக்கம் நின்றார். நான் திரும்பினேன். இரண்டு முழ தூரத்தில், மீசை வைத்த ஒரு தட்டைத் தலை கெண்டை மீனைக் கவ்வியபடி எங்களைப் பார்த்தது. பிறகு கோரைக்குள் மறைந்துவிட்டது.

"மீசை. நீர்நாய்தான்" என்றார் சார்.

அது போன பிறகுதான் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுப்பா. கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். கரையேறி, அவர் வீட்டு வாசல் வரும்வரை நான் விடவில்லை.