வயிறு வீங்கி வந்தவர்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னால் நடந்தது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சென்றாயன் கொல்லிமலையில் ரோட்டோரம் வாழைப்பழம் விற்கிறார். போன வருடம் எங்கள் பசு சிவப்பி, அவர் பழம் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தின்று, வயிறு வீங்கிப் படுத்துவிட்டது. டாக்டர் வயிற்றைக் கிழித்து ஒரு கூடை நிறையப் பை எடுத்தார். இப்போது சிவப்பி சினை.

"இனிப் பை வாங்குனீங்கன்னா, எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

"சாமி சத்தியமா வாங்க மாட்டேன் புள்ள."

செவ்வாய்க்கிழமை மலைக்குக் கீழே சேந்தமங்கலம் போனவர் மதிய பஸ்ஸில் திரும்பினார். பானை அளவு வயிறு! காலையில் போன வயிறு இது இல்லை.

கண்டக்டர் மாணிக்கம் சொன்னார்: "அக்கா, காரவள்ளி செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக் இருக்குதான்னு எல்லார் பையையும் சோதிச்சாங்க. அண்ணன் வயித்தைப் புடிச்சிட்டு முனகுனதைப் பார்த்து, பாவம்னு உட்டுட்டாங்க."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"ஏனுங்க, என்னத்தைத் தின்னீங்க?"

"வாயு, புள்ள."

தொட்டுப் பார்த்தேன். சரசரவென்றது.

"ஐயோ, நீங்களும் பையைத் தின்னுட்டீங்களா!"

"மனுசன் பையைத் தின்பானா?"

"பரோட்டாவோட சேர்ந்து போயிருக்கும். வாயைத் தொறங்க!"

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயும் நல்லெண்ணெயும் எடுத்துவந்தேன். பக்கத்து வீட்டு ருக்குமணி தலையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கண்ணா. இதுக்கும் கேக்கலைன்னா மாட்டு டாக்டரையே வரச்சொல்லிக் கிழிச்சிரலாம்" என்று தைரியம் சொன்னாள்.

"கிழிக்காதீங்க! வயித்துக்குள்ள இல்ல, வயித்து மேல!"

சட்டையைத் தூக்கினார். துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது, கட்டுக்கட்டாகப் புதுப் பை.

சந்தோஷப்படுவதா, அழுவதா? எனக்குத் தெரியவில்லை.

"வாங்க வர்றவங்க பை கேக்கறாங்களே, புள்ள?"

"சீப்புக்குக் காம்பே கைப்பிடிதானுங்களே?"

இருக்கிற பையை என்ன செய்வது? எரித்தால் புகை. புதைத்தால் மக்காதாம். வெளியே போட்டால் சிவப்பி. வீட்டில் வைத்தால் இவர்.

கடைசியில் அதைப் பழையபடி அவர் வயிற்றிலேயே கட்டி, "வாங்குன கடையிலயே குடுத்துட்டு வாங்க" என்று கீழே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழியில் அவிழ்த்து வீசிவிடுவாரோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால் முடிச்சை முதுகுப் பக்கம் போட்டேன், அவர் கை எட்டாத இடத்தில்.