நெட் இல்லாமல் வந்த வைரஸ்

நாலாவது தடவையும் தேடிப் பார்த்துவிட்டாள் ராஜகுமாரி. சரக்கு லிஸ்ட் இல்லை.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து கப்பல் வருகிறது. இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் நூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்கான சரக்கு. எந்த மூட்டை யாருடையது என்பது அந்த ஒரு ஃபைலில்தான் இருந்தது. அலுவலகத்துக்கே பொதுவான கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று, திங்கள்கிழமையும் அதுவுமாகக் காலையில் பழைய ஃபைல்களை மொத்தமாக அழித்தவள் அவள். இந்த மாதம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

"என்னம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" மகள் கல்யாண லட்டுத் தட்டோடு வந்து நின்றார் மேனேஜர் பன்னீர்செல்வம்.

"சரக்கு லிஸ்ட்டைக் காணோம் சார். வந்து... வைரஸ்."

பக்கத்து மேஜை பிரவீன்குமார் திரும்பினான். "அந்தக் கம்ப்யூட்டர்ல நெட்டே கிடையாதே?"

"இது நெட் இல்லாமலே வருமாம்."

"எப்படி?"

"சத்தத்துல. ஸ்பீக்கர் வழியா."

பி.எஸ்சி. இயற்பியல் படித்த வாய்தான் அதைச் சொன்னது.

"சத்தத்துல பரவும்னா, கராச்சர்மா போற பஸ் டிரைவருக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். என்னா பாட்டு போடுறாரு!" என்று சிரித்தான் பிரவீன்குமார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "அரே, சும்மா இருய்யா! நானும் கேள்விப்பட்டேன். பெரிய பெரிய நாடெல்லாம் அரண்டு கிடக்கு."

அவர் அவ்வளவு சீக்கிரம் நம்பியது ராஜகுமாரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

மேனேஜர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். "யாரும் சத்தமாப் பேசக் கூடாது. ஒச்சம்மா, வளையலைக் கழட்டி வச்சிட்டுப் பெருக்கு." துப்புரவு வேலை செய்யும் ஒச்சம்மா தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமை பிரவீன்குமார் டீ வேண்டும் என்பதைக்கூடத் தாளில் எழுதித்தான் காட்டினான்.

லிஸ்ட்டின் நகலைக் கேட்டுச் சென்னை முதலாளிக்குப் போன் போட்டார் மேனேஜர். சத்தத்தில் பரவுகிறது என்பதையும் விளக்கினார்.

"அப்புறம் எதுக்குய்யா போன் பண்ற?" என்று கத்திவிட்டு முதலாளி இணைப்பைத் துண்டித்தார். நகல் வரவில்லை. ஒரு செய்திதான் வந்தது: 'ஆள் அனுப்புகிறேன். வைரஸ் இல்லையென்றால், அழித்தவருக்கு அன்றோடு வேலை இல்லை.'

ராஜகுமாரி அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை விமானத்தில், முதலாளி அனுப்பிய கம்ப்யூட்டர் நிபுணர் உமா மகேஸ்வரி வந்து இறங்கினாள். தோளில் ஒரே ஒரு பை. மேனேஜர் கம்ப்யூட்டரை மறித்துக்கொண்டு நின்றார்.

"தொடாதீங்க மேடம். உங்களுக்கு எதுக்கு ரிஸ்க்? பேசாம மின்னி பே கரைக்குக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுடலாம்."

"தள்ளுங்க சார்." உட்கார்ந்து, திரையை மேலும் கீழும் ஓட்டினாள். "நெட் இல்லாம, சத்தத்துல வந்து, இத்தனை பெரிய கல்யாண வீடியோவைத் தொடாம, ஒரு லிஸ்ட்டை மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு. எனக்கும் அதைப் பாக்கணும்னு ஆசைதான்."

பத்து நிமிடம் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"லிஸ்ட்டை மீட்டாச்சு," என்றாள் உமா மகேஸ்வரி. "வைரஸ் எதுவும் இல்ல. யாரோ கையாலதான் அழிச்சிருக்காங்க."

மேனேஜர் குறுக்கே வந்தார். "மேடம், அது ஒளிஞ்சுக்கிற வைரஸ். தேடுனா கிடைக்காது."

இதற்கு மேல் ராஜகுமாரியால் முடியவில்லை. எழுந்து நின்றாள். "நான்தான் மேடம் அழிச்சேன். திங்கட்கிழமை காலையில. பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்."

உமா மகேஸ்வரி திரையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை இல்லையே. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்து."

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. அந்த நேரத்தில் ராஜகுமாரி கராச்சர்மாவில் தன் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் தட்டில் மிச்சமிருந்த ஒற்றை லட்டையே உற்றுப் பார்த்தார்.

மூலையில் நின்ற ஒச்சம்மா, சத்தம் கூடாது என்ற உத்தரவை மறக்காமல் கிசுகிசுத்தாள்:

"சனிக்கிழமை நான் தரை கழுவ வந்தப்ப சார் மட்டுந்தானே இருந்தாரு? மக கல்யாண வீடியோவுக்கு இடம் பத்தலைன்னு ஒவ்வொண்ணா அழிச்சிட்டு இருந்தாரே!"