வியாழக்கிழமை வகுப்புக்கு ஆள் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர் எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன். அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அத்தான் எடுத்து, "அக்கா குளிக்கிறாப்பா" என்கிறார். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், போன ஞாயிற்றுக்கிழமை நான் விட்டுவிட்டுக் கூப்பிட்ட நேரமெல்லாம் குளித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். சளி பிடிக்கப்போகிறது. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

பழையதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து என் பிள்ளைகளை நான் நிறுத்தியது உண்மை. பாடத்தில் சந்தேகம் கேட்டதற்காகச் சின்னவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்ததால் நிறுத்தினேன். நிற்க வைத்த டீச்சர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. எனக்கோ மருந்துக் கம்பெனிக்கு அச்சுப் பிழை திருத்திக் கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தபடியே செய்வது, பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றேன், சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். பெரியவளுக்குப் பின்னக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. சின்னவன் இப்போது சந்தேகங்களையெல்லாம் என்னிடம்தான் கேட்கிறான். அவனை நான் ஒருநாளும் வெளியே நிற்க வைத்ததில்லை. ரொம்பக் கேட்டால் நான்தான் வெளியே போய் நின்றுவிட்டு வருகிறேன்.

விஷயம் பெரியவளைப் பற்றியது. (இந்த வரிக்கும் முந்தின வரிக்கும் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தேன், மறுபடி தண்ணீர் குடித்தேன். உட்கார முடியவில்லை அக்கா.) அவளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவள் வயதில் ஒருத்தியோடு அவள் பேசி நான் பார்க்கவில்லை. போன மாதம் ஒருநாள் செஸ் பலகையை எடுத்து வைத்து, இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு காயை நகர்த்தினாள், எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு காயை நகர்த்தினாள். சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து, "நீ ஏமாத்துற, உன்கூட நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. யாரோடு கோபம் என்று கேட்காமல் காய்களை நானே எடுத்து டப்பாவில் போட்டேன்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "கணக்கு நீங்க சொல்லிக்குடுப்பீங்க, ஒத்துக்கறேன். சிநேகிதி? அதையும் நீங்களே ஆயிடுவீங்களா? இந்த டெர்ம் முடியறதுக்குள்ள இவளுக்கு ஒரு சிநேகிதி கிடைக்கல, ரெண்டு பேரையும் ஸ்கூல்ல சேர்த்துடுவேன். உங்க அக்கா கால்ல நானே போய் விழறேன்" என்றாள். அவள் விழுந்தால் நீ உடனே தூக்கிவிடுவாய், எனக்குத் தெரியும். நான் விழுந்தால் குளிக்கப் போய்விடுவாய்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசாரித்ததில், எங்களைப் போல வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கென்று சில குடும்பங்கள் சேர்ந்து செவ்வாயும் வியாழனும் வகுப்பு நடத்துவது தெரிந்தது. டயர் கடைக்கு மேலே ஒரு கூடம், நடுவில் தட்டி வைத்து இரண்டு அறையாக்கியிருக்கிறார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போது மேலே பெஞ்செல்லாம் நடுங்கும். நடத்துவது ஒரு பல் டாக்டரம்மா. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் தன் மகளை வளர்த்திருக்கிறார். சுருட்டை முடியோடு இருப்பதால் அந்தப் பெண்ணை எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிடுகிறார்கள், பெரியவள் வயதுதான். பார்த்த உடனே எனக்கு வாயெல்லாம் பல். "சேர்த்துக்கலாமே" என்றார் டாக்டரம்மா. "பணம் கிடையாது. ஆனா பிள்ளையைச் சேர்க்கிற வீட்டிலிருந்து ஒருத்தர் வந்து மத்தப் பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கணும். உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லிக்குடுங்க."

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? இன்னும் இருக்கிறது. அங்கே வகுப்பு பிடிக்காத பிள்ளை யாரையும் கேட்காமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடலாம். ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால், பதில் சொல்லாமல் பெரியவர்கள் மேலே போகக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு மூன்று வியாழக்கிழமை வெள்ளோட்டம். மூன்றாவதிலும் அறை காலியாகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை. உன் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

முதல் வியாழன், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் வரிசையாக உட்காருங்கள் என்றேன். ஏன் என்றார்கள். சரி, பேர் கூப்பிடுகிறேன், உள்ளேன் ஐயா சொல்லுங்கள் என்றேன். "இங்கதான உட்கார்ந்திருக்கோம், உங்களுக்குக் கண்ணு தெரியலையா அங்கிள்?" என்றது ஒரு வாண்டு. கிண்டல் இல்லை அக்கா, நிஜமான கரிசனம், பக்கத்தில் வந்து என் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தது. தொண்டைத் தண்ணீர் வற்ற இதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்து, எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று, ஒரு மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாளை எடுத்து அதில் பக்க விளைவுகளைப் படித்துக் காட்டினேன். தலைசுற்றல், வாய் உலர்தல், உடல் முழுவதும் அரிப்பு, காரணமில்லாத பதற்றம். அரிப்பு என்று படித்ததும் ஒரு பிள்ளை சொறிந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை சொறிந்தது. வாய் உலர்கிறது என்று இரண்டு பேர் அழ, தலை சுற்றுகிறது என்று ஒருத்தன் தரையில் படுத்துவிட்டான். பக்கத்து அறையில் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்த அம்மாள் ஓடிவந்து, "என்ன குடுத்தீங்க பிள்ளைங்களுக்கு?" என்கிறார். "ஒண்ணும் குடுக்கலைங்க, படிச்சுத்தான் காட்டினேன்" என்கிறேன், யார் நம்புகிறார்கள்? காரணமில்லாத பதற்றம் எனக்கு மட்டும்தான் வந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. ஒவ்வொருத்தராக எழுந்து புல்லாங்குழலுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் சின்னவன் எழுந்தான். உட்காருடா என்று கண்ணைக் காட்டினேன். "ஏன்?" என்றான். விதிப்படி பதில் சொல்ல வேண்டும், பதில் தெரியவில்லை, அவனும் போய்விட்டான். பெரியவள் ஜன்னல் ஓரம் தனியாக நின்று கீழே டயர் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது சுருட்டை அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இரண்டாவது வியாழன் உஷாராகப் போனேன். ஆளுக்கொரு மருந்துத் தாள் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னேன். எல்லாம் நான் ஏற்கெனவே திருத்தி அச்சாகி வந்தவை, பிழை எப்படி இருக்கும்? "இதுல ஒண்ணுமே இல்ல அங்கிள்" என்று இரண்டு பேர் புல்லாங்குழலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்போது சுருட்டை கையைத் தூக்காமலே, "குடிச்சதுக்கு அப்புறம் எதுக்குக் குலுக்கணும்?" என்றாள். இருமல் மருந்துத் தாள். நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று இருக்க வேண்டியது, குடித்துவிட்டு நன்றாகக் குலுக்கவும் என்று இருக்கிறது. "யாரைக் குலுக்கணும்? குடிச்சவங்களையா?" என்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதைத் திருத்தி அனுப்பியது நான்தான். ஊர் முழுக்க இருமல்காரர்கள் மருந்தைக் குடித்துவிட்டு ஒருவரையொருவர் குலுக்கிக்கொண்டிருப்பது போலத் தோன்ற, அச்சகத்துக்குச் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்துக்கொண்டு, கூடத்தில் சிக்னல் கிடைக்காததால் படியிறங்கி ஓடினேன். அச்சகத்துக்காரர் நிதானமாக, "அது போயி ஆறு மாசம் ஆச்சு சார், யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். யாராவது சொல்லியிருக்க வேண்டும். வேலை போனாலும் பரவாயில்லை என்று கம்பெனிக்கு நானே அன்று சாயங்காலம் அந்தப் பிழையைச் சொல்லிவிட்டேன், அது வேறு கதை.

மேலே வந்து பார்த்தால், பிள்ளைகள் எல்லோரும் பாட்டிலில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜோடி ஜோடியாக நின்று குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தட்டி சாய்ந்து கிடக்கிறது. புல்லாங்குழல் பிள்ளைகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. பெரியவங்க அறையை விட்டுப் போகவே கூடாது, அதுதான் இங்க முதல் விதி, அடுத்த வியாழன்தான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் பெரியவளைச் சுருட்டை தோளைப் பிடித்துக் குலுக்குகிறாள், இவள் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அந்தப் பெண் முகத்தில் அடிக்கிறது, இரண்டும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்குதுங்க. அவ சிரிச்சா அக்கா. எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா, தான் திட்டியதால் அழுகிறேன் என்று நினைத்துக் குரலைக் குறைத்துக்கொண்டார்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த வியாழக்கிழமை மூன்றாவது வகுப்பை எனக்குப் பதில் நீ வந்து எடுக்க வேண்டும். பிள்ளைங்களோட அத்தை எடுக்கலாமா, எங்க அக்கா ஒரு பெரிய ஸ்கூல்ல டீச்சர் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், வீட்டு மனிதர் யாராக இருந்தாலும் சரி என்றார். பள்ளிக்கூட டீச்சர் என்றதும் கொஞ்சம் முகம் சுளித்தார், அதை நீ பொருட்படுத்தாதே. உனக்கு ஒரு கூடம் நிறைய பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கத் தெரியும், எனக்குத் தெரியவில்லை, போதுமா? ஒரே ஒரு வேண்டுகோள், யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடு. வெளியே நிற்க வைக்க நினைக்காதே, அந்த அறைக்கு வெளியே மாடிப்படிதான் இருக்கிறது. இந்த ஒரு வியாழன் தவறினால் பெரியவளுக்குச் சுருட்டை இல்லை. மறுபடியும் அந்தச் செஸ் பலகையை என்னால் பார்க்க முடியாது.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பொய் சொல்ல வைத்ததற்கு வருத்தத்தையும் தெரிவிக்கவும். பிள்ளைகள் இருவரும் அத்தைக்கும் மாமாவுக்கும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். மூத்தவளாக இருந்து எங்கள் குடும்பத்தை மனசார வாழ்த்தவும், வாழ்த்த மனம் வராவிட்டால் வியாழக்கிழமை நேரில் வந்து திட்டவும்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். தயவுசெய்து வியாழக்கிழமை வராதே. சற்றுமுன் வாசலில் மணி அடித்தது, டாக்டரம்மாவும் சுருட்டையும். சுருட்டை நேராக உள்ளே பெரியவளிடம் ஓடிவிட்டாள். டாக்டரம்மா சோபா நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "உங்க அக்கா ஸ்கூல்ல இடம் இருக்குமா?" என்றார். நான் தப்பாகக் கேட்கிறேனோ என்று பார்த்தேன். பெண்கள் இரண்டு பேரும் இந்த ஒரு வாரமும் போனிலேயே இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று பெரியவள் சுருட்டைக்கு ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். டீச்சர் திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவது பற்றியும் சொல்லியிருக்கிறாள். "எங்க கூடத்துல யாரும் சிரிப்பை அடக்கச் சொல்றதே இல்லையாம், அதனால எம்பொண்ணுக்கு அது தெரியாதாம். வாரத்துல ரெண்டு நாள் போதாது, தினமும் இவ பக்கத்துல உட்காரணும்கிறா. எத்தனை வருஷமா நான் இந்தக் கூடத்தை நடத்தறேன் தெரியுமா சார்?" என்றார். நானும் சோபா நுனிக்கு வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா, வர்ற டெர்முக்கு மூன்று இடம் பார். சின்னவனுக்கு எந்த வகுப்பானாலும் சரி. பெண்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவில், ஒரே பெஞ்சில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு பள்ளிக்கூடம் பார்ப்போம் என்று மிரட்டி எழுதத்தான் நினைத்தேன், பேனா வரவில்லை. தயவுசெய்து ஒரே பெஞ்ச். உள்ளே இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். என்ன விஷயம் என்று தட்டிக் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நீங்க போங்க" என்றாள் பெரியவள். வந்துவிட்டேன்.