படகு வராத கதை

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலத்துக்கு வாய்த்த பெரும் பேறு, 1956-ல் செங்கல்பட்டு 'நவீன விமர்சனக் கழகம்' வாங்கிய கத்தரிக்கோல். படைப்பைப் பார், படைத்தவரைப் பார்க்காதே என்பது கழகத்தின் 'தத்துவம்'. ஆகவே தலைவர் கஸ்தூரிரங்கன், எம்.ஏ., வருகிற கதைகளின் அடியிலுள்ள பெயரைத் தம் திருக்கரத்தாலேயே வெட்டிவிட்டுத்தான் வாசிப்பார்.

பள்ளி ஆசிரியை வத்சலாவுக்குத் தத்துவத்தில் ஆசையில்லை. 'கி. வத்சலா' என்று ஒரு தடவை அச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கும்போது வெட்டினாலும் கழகத்தின் ஆண்டு மலரில் பெயரைப் போடுவார்கள் என்று நம்பி, மாமல்லபுரம் கரையில் புருஷன் படகுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். தலைவர் அன்று கொஞ்சம் உற்சாகமாக வெட்டியதில் பெயரோடு கடைசி ஐந்து வரிகளும் போயின.

"ஆகா! படகு வரவேயில்லை! என்ன மௌனம்! மானுடத்தின் முடிவற்ற காத்திருப்பு!" என்று கூட்டத்தில் வாசித்து முடித்த தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழகமே உச்சுக்கொட்டியது.

வத்சலா எழுந்தாள். "சார், படகு வந்துடுது. நீங்க வெட்டிட்டீங்க."

"வரலைம்மா."

"நான்தானே சார் எழுதினேன்!"

"அதனாலதாம்மா உனக்குத் தெரியலை," என்றார் தலைவர் பரிவோடு.

ஐந்து வரியும் பெயரும் இல்லாமலே கதை மலருக்குப் போயிற்று. எதிர்ப்பக்கத்தில் தலைவரின் 'ஆசிரியர் எதற்கு?' என்ற கட்டுரை. புரூஃப் பார்க்கும் பாக்கியத்தைக் கழகம் வத்சலாவுக்கே அளித்திருந்தது. வயிற்றெரிச்சலோடு பார்த்தவள், தத்துவத்துக்கு விசுவாசமாக, கட்டுரையின் அடியிலிருந்த பெயரையும் அடித்துவிட்டாள்.

மாமல்லபுரம் கடற்கரையில் வெளியீட்டு விழா. மலரைப் பிரித்த தலைவர் அலறினார். "என் பேர் எங்கே? நான் எழுதினதுய்யா!"

"படைப்பை மட்டும் பாருங்க சார்," என்றாள் வத்சலா.

கழகம் அங்கேயே மணலில் அவசரக் கூட்டம் போட்டது. 'படைத்தவர் பெயர்தான் வேண்டாதது. விமர்சகர் பெயர் இலக்கியத்தின் உயிர்' என்று தத்துவம் ஏகமனதாகத் திருத்தப்பட்டது. தலைவர் பெயரைத் துண்டுச் சீட்டுகளாக அடித்து எல்லாப் பிரதிகளிலும் ஒட்டும்படி அச்சக முதலாளி மதார் சாகிபுக்கு உத்தரவாயிற்று.

"எங்க சார் ஒட்றது?" என்றார் அவர். "உங்க பேர் இருந்த எடத்துல பல்பொடி வெளம்பரம் போட்டுட்டேன். எதிர்ப்பக்கத்துல, அந்தம்மா கதைக்குக் கீழதான் அஞ்சு வரி எடம் காலியா கீது."

"அங்கேயே ஒட்டுங்கோ!"

அப்படியாக, படகு வரவேண்டிய இடத்தில் கஸ்தூரிரங்கன், எம்.ஏ., வந்து சேர்ந்தார். கதையைப் படித்த ஊர்ப் பெரியவர்கள் தேடிவந்து அவருக்கு மாலை போட்டார்கள். எழுதியது யார் என்று அவர் மூச்சு விடவில்லை. படைத்தவரைப் பற்றிப் பேசுவது கழகத் தத்துவத்துக்கு விரோதமல்லவா?