சத்தத்தைக் காணேல்லை

ஸ்ரெல்லாவின் மிளகாய் அரைக்கும் மெசினை அரியாலை ஊரை விட்டே கிளப்புவது என்று தில்லைநாதன் முடிவெடுத்தார். பக்கத்து வளவில் அது இரையத் தொடங்கினால், இவர் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். அந்த வீட்டில் அதிகம் கதைப்பவையும் அவைதான்.

ஊர் விதானையாரிடம் முறையிடப் போவதாக மனைவி கனகாம்பிகையிடம் சொன்னார்.

"உந்த மெசினாலை மகன் போனிலை எடுக்கிற கோல் கேக்குதில்லை. கனடாவிலை பிள்ளை அடிச்சு அடிச்சுக் களைச்சிருப்பான்."

கனகாம்பிகை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மேற்கு வீட்டுக்காரர் பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நாள்கணக்கா ஸ்பீக்கர் கட்டினவை. அப்ப ஏன் விதானையாரிட்டைப் போகேல்லை?"

"அவை லண்டன் ஆக்கள். அது கொண்டாட்டம். இது இரைச்சல்."

"ஓமோம். லண்டன் காசிலை போட்டால் கொண்டாட்டம், ஸ்ரெல்லா வீட்டு வாடகை கட்ட மெசின் போட்டால் இரைச்சல். அங்கை காசு என்வலப்போடை போனியள், இஞ்சை விதானையோடை போறியள்."

பிறகு கனகாம்பிகையே இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மெசினை நிறுத்தச் சொல்வதாகவும், அன்று மகனுடைய கோல் வந்தால் தானும் விதானையாரிடம் கூட வருவதாகவும் ஒத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாகத் தில்லைநாதன் ஒருபோதும் வென்றதில்லை.

ஞாயிறு வந்தது. மெசின் இரையவில்லை. தில்லைநாதன் முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு, போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். மாமரத்தில் அணில் கத்தியது கேட்டது. கிணற்றடியில் வாளி சொட்டியது கேட்டது. லண்டன்காரர் பூட்டிவிட்டுப் போன வீட்டுப் படலை காற்றுக்கு ஆடியதுகூடக் கேட்டது. மகனுடைய சத்தத்தைத்தான் காணவில்லை.

போன் பழுதாக இருக்கலாம் என்று, மனைவியின் போனிலிருந்து ஒருக்கால் அடிக்கச் சொன்னார்.

அடித்தது. வீடு முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தான் அடிக்குது," என்றார் கனகாம்பிகை. குசினிக்குள் போய்விட்டார்.

இனி எதன் மேல் பழி போடுவது? இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார்.

"பிள்ளை ஸ்ரெல்லா, மெசின் பழுதோ?"

"இல்லை ஐயா. கனகம்மாதான் நிப்பாட்டச் சொன்னவ."

"போடு பிள்ளை. சும்மா கிடந்தால் கறள் பிடிச்சிடும்."

ஸ்ரெல்லா உள்ளே போய், ஒரு பை நிறையச் செத்தல் மிளகாயைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"அப்ப இதின்ரை காம்பைக் கிள்ளித் தாங்கோ ஐயா. மத்தியானத்துக்கு முன்னம் நீங்களே வந்து மெசினைப் போடச் சொல்லிக் கேப்பியள், சும்மா விடாதை எண்டும் கனகம்மா சொன்னவ."