என் முழங்காலும் மருத்துவ வரலாறும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். என் இடது முழங்கால் எங்கள் இருவரையும்விட நலம். தாங்கள் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். இல்லை என்பது ஊருக்கே தெரியும் என்பதால் கேட்கவில்லை.

தொலைபேசியில் தங்கள் குடலிறக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே “சிக்னல் இல்லை” என்கிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. கடைசியாகச் சிக்னல் இருந்தபோது, “முதல்ல நீங்க போய் முழங்கால் ஆபரேஷனுக்குப் படுங்க மாப்பிள்ளை, முழுசா எழுந்து வந்தா நான் யோசிக்கிறேன்” என்றீர்கள். படுத்தேன், எழுந்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதும் தங்கள் நிபந்தனை. ஒளிக்கவில்லை. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எத்தனை நாள் தள்ளுவீர்கள்? வெளியே வந்த குடல் சிக்கிக்கொண்டால் அப்புறம் அறுவைக்கு நாம் நாள் குறிக்க முடியாது, அதுவே குறித்துவிடும் என்று தங்கள் மருத்துவர் சொன்னதை, தங்களைத் தவிர குடும்பத்தில் எல்லோரும் காதில் வாங்கியிருக்கிறோம்.

நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் எந்தக் காரியத்திலும் படிக்காமல் இறங்குவதில்லை. நீச்சலைக்கூட அப்படித்தான் கற்றேன். தண்ணீரில் இறங்கும் தேவை இன்றுவரை வரவில்லை. மூட்டு மாற்ற வேண்டும் என்றதும் மருத்துவ வரலாறு பற்றிய தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து படித்தேன். படிக்கப் படிக்க நம் முன்னோர் மீது மரியாதையும், நாம் அவர்களாகப் பிறக்காததில் நிம்மதியும் பெருகின. மயக்க மருந்துக்கு முந்தைய காலத்தில் கால் எடுப்பதென்றால் நோயாளியை அமுக்கிப் பிடிக்கத் திடகாத்திரமான ஆட்கள் வேண்டும். மருத்துவரின் புகழ் அவர் கைவேகத்தில் இருந்தது. ரத்தம் காய்ந்து விறைத்த மேலங்கியைச் சிலர் துவைப்பதே இல்லை, அதுதான் அவர்களுக்கு அனுபவச் சான்றிதழ். பல நாடுகளில் முடி வெட்டுபவரே அறுவையும் செய்தார். நாற்காலியில் உட்காரும்போதே எதற்கு வந்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. காய்ச்சலா, ரத்தத்தை இறக்கு. தலைவலியா, ரத்தத்தை இறக்கு. சோர்வா, இன்னும் கொஞ்சம் இறக்கு. நூற்றாண்டுக் கணக்கில் இப்படி இறக்கியும் மனித இனம் மிச்சமிருப்பதற்கு மனிதனின் பிடிவாதமே காரணம். பிரேத அறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும்போது கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னார். கழுவினார்கள், தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. இருந்தும் பெரிய மருத்துவர்கள் ஒப்பவில்லை. கனவான்களின் கை எப்படி அழுக்காக இருக்கும் என்று கேட்டார்கள். சொன்னவர் மனநல விடுதியில் இறந்தார்.

இத்தனையும் தலையில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்ந்தேன். சேர்ந்ததிலிருந்து ஒரே கேள்வி. பதிவு மேசையில் இருந்த பெண், “பேரு என்னங்கய்யா, எந்தக் கால்?” என்றார். சொன்னேன். வார்டு நர்ஸ் அதையே கேட்டார். “இப்பத்தானேம்மா கீழ சொன்னேன்.”

“கீழ சொன்னது கீழ. இங்க எனக்குச் சொல்லுங்க.”

ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார், மயக்க மருந்து மருத்துவர் கேட்டார். கடைசியில் அறுவை மருத்துவரே வந்தார். பொறுமையான அம்மையார். “எந்தக் கால்ங்க?” என்று அவரும் கேட்டுவிட்டு, என் வாயாலேயே “இடது” என்று வரவழைத்து, இடது முழங்காலில் மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். இத்தனை பேருக்கும் இத்தனை ஞாபக மறதியா என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வரலாறு படித்தவன் சும்மா இருக்கலாமா? அவர் மேசையில் மறந்து வைத்துவிட்டுப்போன பேனாவை எடுத்து, வலது முழங்காலில் கொட்டை எழுத்தில் “இது அல்ல” என்று எழுதினேன். நூலகத்தில் தவறான அலமாரிகளில் நாங்கள் ஒட்டுகிற அட்டை வாசகம்தான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். குளித்துச் சுத்தமாக இருக்க வேண்டும், மேலுக்கு எதுவும் தடவக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் தாங்கள் கொடுத்தனுப்பிய வலித் தைலம் பைக்குள் இருந்தது, மூட்டும் வலித்தது, தங்கள் தங்கை வெளியே போயிருந்தாள். இடது முழங்காலுக்கு நன்றாகவும் வலதுக்குப் பேருக்கும் தேய்த்துவிட்டு, முழங்கால்களைச் சேர்த்து வைத்து ஒருக்களித்துப் படுத்து, ஸ்ட்ரெச்சர் வண்டி வரும்வரை ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்.

அறுவை அறைக்குள் போனதும் மயக்கம் கொடுப்பதற்கு முன் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். ஒரு நர்ஸ் நோயாளியின் பெயர், செய்யப்போகும் அறுவை, எந்தப் பக்கம் என்று உரக்கப் படிக்கிறார். விமானம் கிளம்புமுன் விமானிகள் செய்கிற சரிபார்ப்பிலிருந்து கற்றுக்கொண்டது என்று படித்திருந்ததால் நான் அந்த மரியாதையை ரசித்துக்கொண்டிருந்தேன். “இடது முழங்கால்” என்று படித்துவிட்டுத் துணியை விலக்கினார். விலக்கியவர் மருத்துவரைக் கூப்பிட்டார்.

அம்புக்குறி தைலத்தில் கரைந்து வெறும் கறுப்புத் தீற்றலாகிவிட்டது. வலது காலில் “இது அல்ல.” இடது காலிலும், அச்சகத்தில் ஒற்றி எடுத்ததுபோல் இடம் வலம் மாறி, “இது அல்ல.”

மருத்துவர் குனிந்து இரண்டையும் நிதானமாகப் படித்தார். “ரெண்டும் இல்லேன்னா எதுக்குங்க வந்தீங்க?”

“டாக்டர், அது வந்து, ஒரு பாதுகாப்புக்கு…”

“இது என்ன வாசனை?”

மயக்க மருந்து மருத்துவர் முகக்கவசத்துக்குள்ளேயே மோந்து, “எங்கப்பாவும் இதுதான் போடுவார்” என்றார்.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “நிறுத்துங்க. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்.” எக்ஸ்ரே படத்தை மறுபடி மாட்டினார்கள். நான் கையெழுத்திட்ட ஒப்புதலை மறுபடி படித்தார்கள். தங்கள் தங்கையைக் கதவுவரை கூப்பிட்டு, எந்தக் கால் என்று கேட்டார்கள். “இடதுதாங்க. ஆனா கோளாறு கால்ல மட்டும் இல்ல” என்று அவள் சொன்னது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. என்னைத் திருப்பி அனுப்பிச் சோப்புப் போட்டுக் கழுவி, பிற்பகலில்தான் மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

மறுநாள் மருத்துவர் கட்டிலருகே வந்தபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனதிலிருந்த சந்தேகத்தையும் கேட்டேன். “கையில எக்ஸ்ரே இருக்கு, நீங்களே அம்புக்குறியும் போட்டீங்க. அப்புறமும் ஏன் எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?”

“எனக்கு என்மேல அவ்வளவு நம்பிக்கை இல்லீங்க. அதான்.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கிருந்தவரிடம் பெயர் கேட்டார்.

மைத்துனர் அவர்களே, நான் படித்த புத்தகங்கள் அத்தனையிலும் இல்லாத வரி அது. ரத்தம் இறக்கியவர்களுக்கும் கை கழுவ மறுத்தவர்களுக்கும் அறிவு குறைவில்லை. சந்தேகம்தான் இல்லை, அதனால் நோயாளிகளும் இல்லாமல் போனார்கள். மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் பெரிய கண்டுபிடிப்புகள்தான். ஆனால் கெட்டிக்காரர் ஒருவர் தன்னை நம்பாமல் இன்னொரு முறை கேட்கக் கற்றுக்கொண்டதை நான் அவற்றுக்கு மேலே வைப்பேன். அப்படிப்பட்டவர் கத்தியை எடுக்கும்போது தைரியமாகப் படுக்கலாம். வலித்ததா என்றால், வலித்தது. நடக்கப் பழகிய முதல் வாரத்தில் பிசியோதெரபி பையனைப் பற்றி நான் நினைத்ததை எழுத முடியாது. இப்போது மாடிப்படி ஏறுகிறேன்.

தங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் எண்ணமில்லை. இது தங்கள் உடம்பு, தங்கள் முடிவு. நிதானமாக யோசியுங்கள், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்களுக்கு நீண்ட ஆயுளும், அதைச் செலவிட ஓர் ஒழுங்கான வயிறும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதை அஞ்சலில் போடுவதாக இருந்தேன். தங்கள் தங்கைக்கு அஞ்சல் மீதும் நம்பிக்கை இல்லை, தங்கள் மீதும் இல்லை. தானே கொண்டுவந்து தருகிறாள். படித்து முடிக்கும்வரை எதுவும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், எதிரில் அவள் வாயை மூடி உட்கார்ந்திருப்பது அதனால்தான். உள்ளே தங்கள் வீட்டம்மா பெட்டியில் துணி அடுக்கி முடித்திருப்பார். அவர்கள் இருவரும் போன வாரமே பேசிவிட்டார்கள். வாசலில் நிற்பது வாடகைக் கார். மாலைக்குள் வார்டில் சேர வேண்டும். ஆகவே ஒரு மாதம் யோசிக்கச் சொன்ன பத்தியைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். செருப்பு மட்டும் தாங்களே போட்டுக்கொண்டால் போதும்.