தானாக ஆடிய தொட்டில்

அந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மைசூர் வெளிவட்டச் சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றால் அது விபத்து இல்லை. தொட்டில் சித்தர் வந்திருப்பார். ஹனூரிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள் ஒரு பக்கம், குளிரூட்டிய காரில் வந்த கம்பெனிக்காரர்கள் மறுபக்கம். எல்லாருக்கும் குறை ஒன்றுதான். குழந்தை இல்லை.

கல்யாண மண்டப வாசலில் ஆளுயர பேனர். அதில் சித்தருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருவன் பல்லை இளித்துக்கொண்டு நிற்பான். கீழே கொட்டை எழுத்தில், 'இயற்பியல் விரிவுரையாளர் செந்தில்நாதனே சாட்சி!'

அந்தப் பல் என்னுடையது.

சித்தரின் மேடையில் பித்தளைச் சங்கிலியில் ஒரு காலித் தொட்டில் தொங்கும். அதிலிருந்து அவர் ஆசனம் வரை தடித்த மல்லிகைச் சரம். தம்பதியின் பெயரைச் சீட்டில் எழுதித் தொட்டிலில் போட வேண்டும். சித்தர் கண்ணை மூடுவார். தொட்டில் தானாக ஆடினால் வருஷத்துக்குள் குழந்தை. ஆடாவிட்டால் வெள்ளியில் ஒரு குட்டித் தொட்டில் காணிக்கை வாங்கிக்கொண்டு மறுவாரம் வரலாம். வெள்ளியைப் பார்த்தபின் ஆடாத தொட்டிலை நான் கண்டதில்லை.

நான் கல்லூரியில் ஊசல் பாடம் நடத்துகிறவன். 'விசை இல்லாமல் ஊசல் தானாக ஆடுமா?' என்று கேள்வி கேட்டு, 'ஆடும்' என்று எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை போட்டவன். அப்பேர்ப்பட்ட நான் அந்தத் தொட்டில் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். 'என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?' என்று ஒன்பது வருஷம் கேட்கப்பட்டவனுக்கு விசையாவது, ஊசலாவது?

என் மனைவி தமிழ்ப்ரியாவுக்குச் சித்தரைப் பார்க்க நேரமில்லை. அவள் கருத்தரிப்பு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். தினமும் வயிற்றில் ஊசி. இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை தங்கி, மகள் பிறந்தாள். குத்துப்பட்டவள் அவள். தடுப்பூசி போட்டுவருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், மேடையேறி, "சித்தர் கொடுத்த வரம்!" என்று மைக்கில் அழுதவன் நான்.

ரகசியம் மூன்று மாதம் தாங்கியது. ஒரு மாலை, ராமாபுரத்திலிருந்து பசம்மா என்றொருத்தி வாழைத்தாரோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கல்லூரியில் விசாரித்து வந்தாளாம்.

"பேனர்ல இருக்கற சார் வீடு இதுதானுங்களா? உங்களப் பாத்துத்தானுங்க எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. டாக்டரம்மா குடுத்த மருந்தையெல்லாம் நிறுத்திப்போட்டேனுங்க."

குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த தமிழ்ப்ரியா நிமிர்ந்தாள். "எதுக்கு நிறுத்தின?"

"மருந்தும் மந்திரமும் சேராதுன்னு சித்தரு சொன்னாருங்க. சாரே ஊசி இல்லாமத்தான பெத்தாரு?"

சார் பெற்றாராம்! பெற்ற சார் காலண்டரில் தேதி பார்க்கத் தொடங்கினார்.

தமிழ்ப்ரியா கத்தவில்லை. மருத்துவமனைக் கோப்பை எடுத்துவந்து பசம்மாவின் மடியில் வைத்தாள். "இவ பொறக்க நான் போட்டுக்கிட்ட ஊசியெல்லாம் இதுல இருக்கு. பாரு."

பசம்மா பக்கங்களைப் புரட்டினாள். பாதியில் கை நின்றது. "அப்ப நான் மூணு மாசத்த வீணாக்கிட்டனுங்களா?"

அவள் என்னைத்தான் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள் தமிழ்ப்ரியா என்னிடம். "உங்க சித்தர நானும் சேவிக்கணும்."

பசம்மாவும் கூட வர, குழந்தையோடு போனோம். அவள் சீட்டு எழுதினாள்: ராஜப்பன், ராணியம்மா. கூடவே வெள்ளித் தொட்டிலும் வைத்தாள்.

"தம்பதி வரலியா?" என்றார் சித்தர்.

"அவங்களால நடக்க முடியாது சாமி. பதினோரு வருஷமா ஒண்ணாத்தான் இருக்காங்க, ஒரு புழு பூச்சி இல்ல."

சித்தர் கண்ணை மூடினார். தொட்டில் ஆடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஆண் குழந்தை! அந்தப் பொண்ணு வயித்துல ஒரு கோளாறு இருந்துச்சு. இப்பத்தான் எடுத்தேன்!"

"அப்படியா சாமி?" தமிழ்ப்ரியா பையைத் திறந்தாள். தசராவுக்குக் கொலுவில் வைக்கும் ராஜா, ராணி மரப்பொம்மைகளை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இவதான் ராணியம்மா. வயிறு முழுக்க மரம். கோளாறு எந்தப் பக்கம் இருந்துச்சு, காட்டுங்க."

பின்வரிசையில் யாரோ கன்னடத்தில், "அய்யோ, பொம்பெகூ மகுனா!" என்று சிரித்தார்கள். பொம்மைக்கும் பிள்ளையா! சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

"தெய்வத்தச் சோதிக்கிறியா? தொட்டில் சும்மா ஆடுமா?" என்று சித்தர் உறுமினார்.

"சும்மா ஆடாதுங்கறதுதான் இவரு நடத்துற பாடமே. ஏங்க, மேல போய்ப் பாருங்க."

குழந்தையைப் பசம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடையேறினேன். மல்லிகைச் சரத்தை இழுத்தேன். பூ உதிர்ந்தது, உள்ளே இருந்த நைலான் நூல் உதிரவில்லை. ஒரு முனை தொட்டிலின் அடியில், மறுமுனை சித்தரின் கால் கட்டைவிரலில். அவர் எழுந்து ஓடினார். நூல் அறுவதற்குள் தொட்டில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. வாசலில் கூட்டம் அவரைப் பிடித்துப் போலீசுக்குச் சொல்லியது.

நான் மைக்கை எடுத்தேன். "பேனர்ல இருக்கறது பொய். குழந்தை ஆஸ்பத்திரி வைத்தியத்துல பொறந்தது. நான் சொன்னத நம்பி யாராவது மருந்த நிறுத்தியிருந்தா, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க."

"படிச்ச நீங்களே சொன்னீங்களே சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வி சரி. முட்டை எனக்குத்தான்.

வெளியே வந்ததும் பசம்மா, குழந்தையை இறக்க மனமில்லாமல், "எனக்கும் பொறக்குமுங்களா அக்கா?" என்றாள்.

"தெரியாது, பசம்மா. டாக்டரம்மாவும் உறுதியாச் சொல்லமாட்டாங்க. ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவாங்க. அவங்ககிட்டயே போ."

மறுநாள் போனாள். வைத்தியம் நடக்கிறது. பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுகிறேன்.

ஒன்று மட்டும் தெரியும். படித்தவனே கும்பிடுகிறானே என்று நீங்களும் கும்பிடாதீர்கள். நீங்கள் கும்பிடுவதைப் பார்த்துத்தான் அவன் கும்பிடுகிறான்.